செயலிக் கடைகளில் முன்பரிசோதனை

திறன்பேசிச் செயலி ஒன்று மக்கள் கைக்குப் போகும் முன்னரே, அதை வழங்கும் கடை சோதித்து ஒப்புதல் தருவது முன்பரிசோதனை. ஆப்பிள் நிறுவனம் 2008 ஜூலையில் சுமார் 500 செயலிகளுடன் ஆப் ஸ்டோரைத் திறந்த நாள் முதல் இதைக் கடைப்பிடித்து வருகிறது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த கூகுளின் ஆண்ட்ராய்டு மார்க்கெட் (இன்றைய பிளே ஸ்டோர்) இதற்கு நேர்மாறானது. யாரும் ஏற்றலாம், கெட்டது என்று தெரிந்தால் பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்பது அதன் போக்கு. அந்தத் தாராளம் நிலைக்கவில்லை. 2012இல் தானியங்கிச் சோதனை அறிவிக்கப்பட்டது. செயலிகளை வெளியீட்டுக்கு முன்பே ஆட்களும் பார்ப்பதாக 2015இல் கூகுள் அறிவித்தது. ஆகவே சோதிக்கலாமா என்ற கேள்வி நடைமுறையில் தீர்ந்துவிட்டது. எதைச் சோதிப்பது, யார் சோதிப்பது என்பவைதான் தீரவில்லை. இவற்றை எடைபோடத் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரில் ஓர் அளவுகோல் உண்டு.

ஏலக்காய் பெரும்பாலும் விளைவது மேலே இடுக்கி மலையில். அதன் வணிகத்தில் பெரும்பங்கு நடப்பது கீழே போடியில். 2007இல் அறிமுகமான மின்னணு ஏலம் அங்கும் இடுக்கியின் புற்றடியிலும் நடக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் 1987ஆம் ஆண்டு விதிகளின்படி ஏலம் நடத்தும் நிறுவனத்துக்கும் உரிமம் வேண்டும், வாங்கும் வியாபாரிக்கும் உரிமம் வேண்டும். காயின் தரத்துக்கு உரிமம் பொறுப்பேற்பதில்லை. மாதிரியைக் கையில் வாங்கி, பருமனையும் நிறத்தையும் பார்த்து விலை சொல்வது வியாபாரியின் வேலை. ஆள் யார், பணம் வந்து சேருமா என்ற அளவில் வாரியம் நிற்கிறது. சரக்கு எப்படி என்பது கண்ணுக்கும் அனுபவத்துக்கும் விடப்பட்டிருக்கிறது. இந்தப் பிரிவினைதான் செயலிக் கடைகளில் இல்லை. சோதிப்பவரும் கடைக்காரரும் தரகு வாங்குபவரும், பல நேரங்களில் போட்டியாளரும்கூட அங்கே ஒருவரே.

ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஏலக்காயைக் கிள்ளிப் பார்க்கலாம். செயலியின் உள்ளே இருப்பதைப் பயன்படுத்துபவர் பார்க்க வழியே இல்லை. கம்பம் ஊரில் இருக்கும் ஒருவர் கடன் செயலியை நிறுவும்போது, தொடர்பு எண்களையும் படங்களையும் அது எங்கே அனுப்பும் என்பதைத் திரையைப் பார்த்து ஊகிக்க முடியாது. இந்தியாவில் இதற்கு விலை கொடுத்தாயிற்று. 2021 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ரிசர்வ் வங்கியின் பணிக்குழு தேடியபோது, 80க்கு மேற்பட்ட செயலிக் கடைகளில் சுமார் 1,100 கடன் செயலிகள் கிடைத்தன. அவற்றில் ஏறக்குறைய 600 சட்டவிரோதமானவை. தவணை தவறினால் தொடர்புப் பட்டியலில் உள்ள உறவினருக்கெல்லாம் திருத்திய படங்களை அனுப்பி மிரட்டுவது அவற்றில் பலவற்றின் வசூல் முறை. 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை 2,500க்கு மேற்பட்ட கடன் செயலிகளையும், 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை மேலும் 2,200க்கு மேற்பட்டவற்றையும் பிளே ஸ்டோர் நீக்கியது. இத்தனையும் கடைக்குள் வந்து, மக்கள் கையில் புழங்கி, பின்னர் நீக்கப்பட்டவை. பிறகு நீக்குவோம் என்பது அதற்குள் மானம் இழந்தவருக்குத் தீர்வல்ல. கடன் வழங்கும் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்கவே கூடாது என்று 2023 மே 31 முதல் கூகுள் விதித்த தடையைத்தான் பயனுள்ள முன்பரிசோதனைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன். செயலி நல்லதா கெட்டதா என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. எந்தக் கதவு திறக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறது. இயந்திரமே சரிபார்க்கக்கூடிய விதி அது.

முன்பரிசோதனை ஏமாறும் என்ற ஆட்சேபம் வலுவானது. கண்டிப்புக்குப் பேர்போன ஆப் ஸ்டோரிலும் இந்தியக் கடன் மோசடிச் செயலிகள் நுழைந்தன. புகார் எழுந்த பிறகு, 2023 ஜூலையில் ஆப்பிள் பலவற்றை நீக்கியது. 2015இல் எக்ஸ்கோட்கோஸ்ட் என்னும் களங்கப்பட்ட உருவாக்கக் கருவி மூலம் வீசாட் போன்ற பெரிய செயலிகளே நச்சு நிரலோடு ஒப்புதல் பெற்றன. சோதனை நாளில் சாதுவாக இருந்துவிட்டு, பிறகு தன் சர்வரிலிருந்து வேறு கட்டளை பெறும் செயலியை எந்தச் சோதனையாளரும் முழுமையாகப் பிடிக்க முடியாது. இதற்குமேல், வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே என்னும் ஆண்ட்ராய்டு நிறுவல் கோப்புகள் கடையின் வாசலையே மிதிப்பதில்லை. பி.எம். கிசான் தவணை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் பெயர் தாங்கி வந்து, குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைத் திருடுபவை அவை. ஆனால் இந்த ஆட்சேபம் நிரூபிப்பது சோதனை வீண் என்பதை அல்ல. செயலியின் உள்ளடக்கத்துக்கு நற்சான்று தருவது வீண் என்பதையே. ஆளை அடையாளம் காண்பதும் அனுமதிகளைக் கட்டுப்படுத்துவதும் செயலி பிற்பாடு நிறம் மாறினாலும் பயன் தரும். வெளியிலிருந்து நிறுவப்படும் செயலி குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி போன்றவற்றைக் கேட்டால் நிறுவலையே தடுக்கும் சோதனை ஏற்பாட்டை 2024 அக்டோபரில் கூகுள் இந்தியாவுக்கு அறிவித்ததும் இதே தர்க்கத்தில்தான்.

யார் சோதிப்பது என்பதில்தான் சிக்கல் இறுகுகிறது. 2024 மார்ச் 1 அன்று, சேவைக் கட்டணத் தகராறில், சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி நிறுவனத்தின் செயலிகள் உட்படப் பல இந்தியச் செயலிகளை கூகுள் நீக்கியது. அவற்றால் பயனருக்குத் தீங்கு என்று யாரும் சொல்லவில்லை. பாக்கி என்பதே காரணம். ஒன்றிய அமைச்சர் தலையிட்ட பிறகு சில நாட்களில் அவை திரும்பின. பாதுகாப்புக்காகக் கொடுத்த சாவி வசூலுக்கும் பயன்பட்டது. முன்னதாக, 2022 அக்டோபரில், பிளே ஸ்டோரின் கட்டண முறைக்காக இந்தியப் போட்டி ஆணையம் விதித்த 936.44 கோடி ரூபாய் அபராதத்தை, 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 216.69 கோடியாகக் குறைத்தது. தொகை குறைந்தது, குற்றச்சாட்டு முழுதாக விலகவில்லை.

அப்படியானால் அரசே சோதிக்கலாமே என்பதற்கும் தேனிக்குத் தெரிந்த பதில் உண்டு. இம்மாவட்டம் அடங்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 2019 ஏப்ரல் 3 அன்று டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடைசெய்யுமாறு உத்தரவிட்டது. அதே மாத நடுவில் இரு கடைகளிலிருந்தும் அது மறைந்தது. 24ஆம் தேதி தடை விலகியது. ஏற்கெனவே நிறுவியிருந்தவர்கள் இடையில் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். எந்தக் காணொளி ஒழுக்கமானது என்பதைச் செயலிக் கடையின் வாசலில் நின்று தீர்மானிக்க முயன்றால், கடையோ அரசோ நீதிமன்றமோ, யார் நின்றாலும் இதே தடுமாற்றம்தான்.

சிறு உருவாக்குநர்கள் நசுங்குவார்கள் என்ற கவலையும் வெற்றுக் கூச்சல் அல்ல. பிளே ஸ்டோரில் புதிதாகக் கணக்குத் தொடங்கும் தனிநபர், வெளியீட்டுக்கு முன் 20 பேரைத் தொடர்ந்து 14 நாள் பயன்படுத்த வைக்க வேண்டும் என்று 2023இல் விதி வந்தது. 2024 டிசம்பரில் அது 12 பேராகக் குறைந்தது. திராட்சைக்கு மருந்தடிக்கும் நாட்களைக் குறித்துவைக்கச் சின்னமனூரில் ஒருவர் செயலி எழுதினால் இந்த விதி அவரைக் களைப்பாக்கும். மோசடிக் கும்பலுக்கு 12 கணக்குகள் ஒரு பொருட்டல்ல. தொடர்பு எண், குறுஞ்செய்தி, பணம் எதையும் தொடாத செயலிக்கு அடையாளச் சரிபார்ப்பே போதும். பணத்தைத் தொடும் செயலியிடம்தான் உரிமத்தைக் கேட்க வேண்டும்.

அந்த உரிமத்தைக் கடையல்லாத ஒருவர் வைத்திருக்கும் ஏற்பாடு கடன் துறையில் தொடங்கிவிட்டது. ஒழுங்குமுறைக்கு உட்பட்ட கடன் நிறுவனங்கள் பயன்படுத்தும் செயலிகளின் பட்டியல் 2025 ஜூலை 1 முதல் ரிசர்வ் வங்கியின் தளத்தில் பொதுவில் இருக்கிறது. விண்ணப்பத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மட்டுமே கடையின் வேலை என்றால், தரகு வாங்குபவருக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் தேவைப்படாது. பட்டியலில் ஓர் ஓட்டையும் உண்டு: கடன் நிறுவனங்கள் தருவதை ரிசர்வ் வங்கி சரிபார்க்காமல் அப்படியே வெளியிடுகிறது.