நேட்டாலுக்குப் போனவரின் சுவடு

1860 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் கடலில் கழித்த 'ட்ரூரோ' என்னும் கப்பல், தென்னாப்பிரிக்காவின் கீழ்க்கரையில் ஆங்கிலேயர் குடியேறியிருந்த நேட்டால் நாட்டின் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைப்பதாகக் கைநாட்டு வைத்துக் கொடுத்த 342 ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். 'நேட்டால் மெர்க்குரி' என்ற பத்திரிகையின் நிருபர் கரையில் நின்று, அவர்களுடைய ஆடையையும் நகையையும் சிரிப்பையும் பேச்சொலியையும் விரிவாக வர்ணித்தார். அவ்வர்ணனை முழுவதும் கூட்டத்தைப் பற்றியது. அதற்குள் தம் பாட்டனாரின் பாட்டனாரைத் தேடிப் புகுகிற சந்ததியார், ஒரு முகத்தைக்கூட அடையாளம் காணாமலே வெளியே வர வேண்டியிருக்கிறது.

அன்று தொடங்கி 1911 வரையில் 1,52,184 பேர் இவ்வாறு கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமே. இவர்கள் ஒவ்வொருவருக்கும் நேட்டால் சர்க்கார் ஓர் எண்ணைக் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள மச்சம் அல்லது தழும்பு என்ற விவரங்களைக் கப்பல்வாரியாகப் பேரேட்டில் பதிந்து வைத்தது. ஓர் ஏழைக் குடியானவனைப் பற்றி நம் நாட்டில் அக்காலத்து எந்தக் கிராமக் கணக்கிலும் இத்தனை விவரம் கிடைப்பது அரிது. உரிமை கொண்டாடும் பொருளைப் பத்திரப்படுத்தும் கவலையே அதனை எழுதச் செய்தது என்பதை மறவாமல், அந்த ஏட்டை நன்றியோடும் வேதனையோடும் ஒருங்கே வாசிக்க வேண்டியிருக்கிறது.

ஆயினும் பேரேடு கையில் இருப்பதனாலேயே மூதாதை கையில் அகப்பட்டுவிடுவதில்லை. தமிழ் அறியாத எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதிய பெயர் ஒரு கப்பலில் ஒருவிதமாகவும், தோட்டக் கணக்கில் வேறுவிதமாகவும், திருமணப் பதிவில் இன்னொருவிதமாகவும் நிற்கிறது. முத்துசாமிகளும் ராமசாமிகளும் நூற்றுக்கணக்கில் வருகிறார்கள். குடும்பப் பெயர் இல்லாத நம் வழக்கத்தை அறியாத அலுவலகங்களில் தகப்பன் பெயரோ சாதிப் பட்டமோ பரம்பரைப் பெயராக உறைந்து, கவுண்டர் என்பது 'கோவெண்டர்' ஆகி, இன்று டர்பனில் எத்தனையோ வீட்டு வாசல்களில் விளங்குகிறது. கிராமத்தின் பெயரோ இன்னும் சிக்கலானது. வட ஆற்காடு ஜில்லா என்று எழுதியிருந்தால் அது இன்றைய வேலூரையோ திருவண்ணாமலையையோ மட்டும் குறிப்பதன்று. 1911 இல் சித்தூர் ஜில்லா அமைக்கப்பட்டபோது வட ஆற்காட்டின் வடபகுதி அதில் சேர்ந்துவிட்டது. பெயரை விட்டு எண்ணைப் பிடிப்பவரே முன்னேறுகிறார், ஏனெனில் அவ்வெண் அம்மனிதரை ஆயுள் முழுவதும் தொடர்ந்தது. அவர் பெற்ற அனுமதிச் சீட்டிலும், அவர் செய்துகொண்ட திருமணத்தின் பதிவிலும், அவர் நின்ற நியாயஸ்தலத்தின் ஏட்டிலும் அதுவே எழுதப்பட்டது.

நியாயஸ்தலம் என்று சொன்னேன். என் கருத்தில் இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. ஒப்பந்தக் கூலி முறையில் வேலைக்கு வராமை, சீட்டு இல்லாமல் தோட்டத்தின் எல்லையைத் தாண்டுதல், எசமானனுடைய ஏவலை மறுத்தல் ஆகியவை வெறும் ஒப்பந்த மீறுதல்களாகக் கருதப்படவில்லை. தண்டனைக்குரிய குற்றங்களாகவே மாஜிஸ்திரேட்டின் முன் வந்தன. துன்பம் பொறாமல் பலர் ஒன்று சேர்ந்து முறையிடப் போனாலும், தோட்டத்தை விட்டுச் சென்றது குற்றமாயிற்று. முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங்கும், பின்னர் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வும் பெற்ற கூலியில் அபராதம் பிடிக்கப்பட்டது, சிறையும் விதிக்கப்பட்டது. ஒருவன் பணிந்து ஐந்தாண்டு உழைத்துச் சென்றிருந்தால் வருகைக் கணக்கில் ஒரு கோடாக மட்டுமே மிஞ்சுவான். எதிர்த்து நின்றவனோ, வாக்குமூலத்தில் வாய் திறந்து பேசுகிறான். தம் முன்னோருக்கு வழக்கு இருந்தது என்று கண்டு நாணுகிற குடும்பங்களைப் பற்றிக் கேள்விப்படும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. பெருமைப்பட வேண்டிய இடம் அது.

அந்தப் பேச்சும் நேராக நம்மிடம் வருவதன்று. தமிழில் சொன்னதைத் துவிபாஷி ஆங்கிலமாக்க, எழுத்தர் அதைச் சுருக்கி எழுத, கீழே ஒரு கீறல் கையொப்பமாக நிற்கிறது. ஆயினும் அடித்தவன் யார், எந்த வேளையில், எத்தனை நாள் அரிசி நிறுத்தப்பட்டது என்ற நுணுக்கங்கள் மொழிபெயர்ப்பிலும் அழியாமல் தங்கிவிடுகின்றன. 1871 இல் 'ரெட் ரைடிங் ஹூட்' கப்பலில் சென்னைக்குத் திரும்பியவர்கள் சவுக்கடியையும் கொடுபடாத கூலியையும் பற்றிச் சர்க்காரிடம் முறையிட்டதன் பயனாகவே 1872 இல் விசாரணைக் கமிஷன் அமர்ந்தது. 1866 இல் நின்றிருந்த ஆளனுப்புதல் 1874 இல்தான் மீண்டும் தொடங்கியது. 1894 இல் முன்பற்கள் உடைந்து இரத்தம் கசிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தியவாறு காந்தியடிகளிடம் வந்து நின்ற பாலசுந்தரம் என்ற தமிழரும், மாஜிஸ்திரேட்டின் முன் சென்றதனாலேயே சரித்திரத்தில் இடம்பெற்றார்.

1895 ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்துகொள்ளாமலும் தங்கியவர்கள்மீது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விதித்தது. முதலாண்டு மாதக் கூலியை எண்ணிப் பார்த்தால் அது ஆறு மாத உழைப்பை விழுங்கும் தொகை. அதைச் செலுத்தாதவர் பெயர் வழக்கேட்டிலும், அதற்கஞ்சி மீண்டும் கைநாட்டு வைத்தவர் பெயர் மறு ஒப்பந்தப் பட்டியலிலும் காணப்படுகின்றன. 1913 இல் அந்த வரியை எதிர்த்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் கரும்புத் தோட்டத்தாரும் வேலைநிறுத்தம் செய்தபோது, சிறைகள் போதாமல் சுரங்க வளாகங்களையே சிறையாக்கினார்கள்.

பத்திரிகைகளில் 1903 இல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பினியன்' நம்மவர் கையில் இருந்த ஏடு. ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி, தமிழ் ஆகிய நான்கு பாஷைகளில் வெளிவந்த அதில், 1906 இன் தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியும் ஹிந்திப் பகுதியும் நின்றுபோயின. நேட்டாலின் அண்டை நாடான டிரான்ஸ்வாலில் சத்தியாக்கிரகம் மூண்டு, தமிழர் திரள்திரளாகச் சிறை புகுந்த ஆண்டுகள் அதையடுத்து வந்தவை. சிறை சென்றோரின் பெயர்களை அப்பத்திரிகையில் தேடுகிறவர் ஆங்கில எழுத்தில் திரிந்த வடிவங்களையே கூட்டிப் பார்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

எண் கிடைத்தும், வழக்கேடுகளில் எல்லாம் தேடியும் தம் மூதாதை கிட்டாதவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே கப்பலில் வந்தவர்களுக்கு எண்கள் தொடர்ச்சியாக இடப்பட்டன, ஒரே தோட்டத்துக்குப் பலர் சேர்ந்தே அனுப்பப்பட்டார்கள். ஆகவே தம் முன்னோரின் எண்ணுக்கு முன்னும் பின்னுமுள்ள எண்களையும் ஏடுகளில் தேட வேண்டும். பிராது கொடுக்காதவர், பிராது கொடுத்த பக்கத்து எண்காரருக்குச் சாட்சியாக வந்து நின்றிருக்கலாம். தம்மைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், தோழன் அடிபட்டதைத் தாம் கண்ணால் கண்டதாக மட்டும் அங்கே சொல்லியிருக்கலாம்.