வினாவிடை முதல் விடுமுறை வேதாகமப் பள்ளி வரை: தென்காசி வட்டாரத்தில் சிறுவர் வேதவகுப்பின் வரலாறு

குற்றாலத்தில் சாரல் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, மே மாத வெயிலில், தென்காசி மாவட்டத்துச் சபைகளில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கிறது. ஊரார் வாயில் அது வி.பி.எஸ். ஆலய வாசலில் தார்ப்பாய் விரித்திருக்கும். வயதுவாரியாகப் பிரித்து உட்கார்ந்த பிள்ளைகள் கையசைத்துப் பாடுவார்கள். அட்டையில் எழுதித் தொங்கவிட்ட மனப்பாட வசனத்தை அதிகாரம், வசன எண்ணோடு கூவிச் சொல்வார்கள். பாடம் எடுப்பவர்கள் கல்லூரி மாணவர்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் அண்ணன், அக்கா. பீடி சுற்றும் ஊர்களில், மடியில் தட்டை வைத்தபடி தாய்மார்கள் எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து கதையைக் கேட்பதுண்டு. பத்துநாள் முடிவில் கொடிபிடித்துப் பேரணி, அதன்பின் நிறைவு விழா.

இந்த வகுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அமெரிக்காவிலிருந்து என்பதே வழக்கமான பதில். அதில் உண்மை உண்டு. 1898-இல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் என்ற அம்மையார், பள்ளி விடுமுறையில் தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு மதுக்கூடத்தை வாடகைக்கு எடுத்து வேதவகுப்பு நடத்தினார். 1901-இல் ராபர்ட் போவில் அதை ஓர் இயக்கமாக வளர்த்தார். ஆனால் பெயரும் கால அட்டவணையும் மட்டுமே அங்கிருந்து வந்தவை. ஊர்விட்டு ஊர் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிப் பாட்டாலும் வினாவிடையாலும் கற்பிக்கும் முறை நெல்லைச் சீமையில் அதற்கு மூன்றரை நூற்றாண்டு மூத்தது. வந்துபோனவர்கள் தொடங்கிய அம்முறையைத் தங்கியிருந்த உள்ளூர் ஆசிரியர்களே வாழவைத்தார்கள் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடற்கரையில் ஒரு கைமணி

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இருமொழி அறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். கைமணி அடித்துத் தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். அவர்கள் கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நோயாளிகளின் வீடுகளுக்குச் செபிக்கவும் சிறுவர்களையே அனுப்பினார். கற்ற பிள்ளை உடனே கற்பிப்பவனாகும் இந்த ஏற்பாட்டையே நான் இவ்வரலாற்றின் தொடக்கப் புள்ளியாகக் கொள்கிறேன். பெற்றோரின் பழைய வழிபாட்டை இகழப் பிள்ளைகளைத் தூண்டியதையும் அவருடைய கடிதங்கள் மறைக்கவில்லை. அதை இன்றைய வகுப்பு எதுவும் முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது. வீட்டாரோடு பிள்ளையை மோதவிடும் கல்வி நிலைத்ததில்லை.

அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை இலக்கணத்தோடு கற்றவர். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய தம்பிரான் வணக்கம் அவர் தந்தது. 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று, பதினாறே பக்கம். அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான கிரிசித்தியானி வணக்கம், போர்த்துகலில் மார்க்கோஸ் ஜோர்ஜ் என்பவர் சிறுவர்களுக்குக் கற்பிக்கவென்றே எழுதிய வினாவிடை நூலின் தமிழாக்கம். இந்திய மண்ணில் தமிழ் எழுத்து அச்சின் இரண்டாம் ஆண்டிலேயே சிறுவர் பாடநூல் ஒன்று இடம்பெற்றுவிட்டது. இதை அச்சு வரலாற்றாசிரியர்கள் போதிய அழுத்தத்துடன் சொன்னதில்லை.

உபதேசியாரும் திண்ணையும்

கடற்கரையின் முறை உள்நாட்டுக்கு வேறு வழியில் வந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு அடுத்த ஆண்டே பள்ளி தொடங்கினார். அந்த மரபில் வந்த சுவார்ட்ஸ் பாளையங்கோட்டையில் சபையை உருவாக்கினார். 1820-இல் சர்ச் மிஷன் சங்கத்தின் சார்பில் இரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு வேலை விரைந்தது. ஓர் ஊரில் சில குடும்பங்கள் இணங்கியதும் அங்கே ஓர் உபதேசியாரை அமர்த்துவார். காலையில் பள்ளிக்கூடம், மாலையில் செபம். இரண்டையும் நடத்துபவர் அவரே. உபதேசியார்களைத் தவறாமல் பாளையங்கோட்டைக்கு வரவழைத்துப் பாடம் சொல்லி அனுப்பினார். தம் மாணவர் இல்லத்தில் சாதி பாராமல் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். 1838-இல் அவர் மறைந்தார். அதற்கு மூன்றாண்டு முன்பே சங்கத்தோடு அவருக்குப் பிளவு ஏற்பட்டிருந்தும், ஊர்ப் பள்ளிகள் குலையாமல் நின்றதற்கு உபதேசியார்களே காரணம் என்பது என் முடிவு.

இன்றைய தென்காசி மாவட்டத்திலுள்ள நல்லூரும் சுரண்டையும் அப்படி வளர்ந்த மிஷன் நிலையங்கள். அங்கிருந்த கற்பித்தல் முறை அயலானதாக இருக்கவில்லை. மணலில் விரலால் எழுதுவது, முறை வைத்துச் சொல்வது, மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தருவது எல்லாம் திண்ணைப் பள்ளியிலிருந்து வந்தவை. ஆத்திசூடியைப் போலவே வேத வசனமும் முதலில் செவிவழியாகவும், பிறகே கண்வழியாகவும் பிள்ளைகளைச் சேர்ந்தது. அச்சும் துணைக்கு வந்தது: நாகர்கோவிலிலிருந்து 1840-இல் பாலதீபிகை, பாளையங்கோட்டையிலிருந்து 1849-இல் சிறுபிள்ளையின் நேசத் தோழன். தமிழில் சிறுவர் இதழியல் தொடங்கியதே இந்தத் தென்கோடி மிஷன் அச்சகங்களில்தான்.

குறவஞ்சி தந்த வழி

குற்றாலத்துக்கு இவ்வரலாற்றில் ஓர் இலக்கியப் பங்கு உண்டு. தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சி, கற்றோரும் கல்லாதோரும் கூடி ரசிக்கும் வடிவத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனது. அதே நூற்றாண்டில், 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். சிறுவயதிலேயே சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் சென்று, அங்கே மிஷன் பள்ளியின் ஆசிரியரானார். அவர் பாடிய பெத்லகேம் குறவஞ்சி, சிங்கனும் குறி சொல்லும் சிங்கியும் வரும் அதே மரபில் வேதக் கதையைச் சொல்கிறது. நொண்டி நாடகத்தையும் அவர் விடவில்லை.

இதை வெறும் இலக்கியச் செய்தியாக நான் பார்க்கவில்லை. ஐரோப்பிய மிஷனெரிகள் கொண்டுவந்த ஜெர்மானிய, ஆங்கில ஞானப்பாட்டுகள் மெட்டு மாறாமல் மொழிபெயர்க்கப்பட்டு ஆலயத்துக்குள் பாடப்பட்டன. தெருவில் பிள்ளைகளை நிறுத்திவைக்க வேண்டுமானால் அவற்றால் முடியாது. கும்மியும் சிந்தும் வேண்டும். அதை உணர்ந்து இயற்றிய தமிழாசிரியர்களால்தான் வகுப்புக்கு உயிர் வந்தது. இன்றும் வி.பி.எஸ். பாட்டுகளில் நாட்டுப்புற மெட்டு வரும்போது பிள்ளைகளின் குரல் உயர்வதைக் கேட்கலாம்.

கூடாரமும் மாட்டுவண்டியும்

பயணம் செய்து கற்பிப்பதை முறைப்படுத்தியவர் மிஷனெரி ராக்லண்டு. 1854 முதல் சிவகாசியை மையமாகக் கொண்டு, கூடாரங்களில் தங்கி வடதிருநெல்வேலிக் கிராமங்களைச் சுற்றினார். தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசியார்களை மாதமுறை வைத்து, தம் செலவிலேயே அவரோடு அனுப்பின. நெல்லைத் தமிழர் தம் காணிக்கையில் பிற ஊர்களுக்கு ஆள் அனுப்பிய தொடக்க முயற்சிகளில் இது ஒன்று. ராக்லண்டு 1858-இல் இறந்தார். கூடாரப் பணி நிற்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிஷனெரி ஏமி கார்மைக்கேல், பொன்னம்மாள் முதலான தமிழ்ப் பெண்களோடு பண்ணைவிளைப் பக்கத்து ஊர்களுக்கு மாட்டுவண்டியில் போனார். பெண்கள் குழு போனதால் ஆண் உபதேசியார் நுழைய முடியாத வீடுகளின் பெண்களையும் பிள்ளைகளையும் அணுக முடிந்தது.

உலகின் மறுபக்கத்திலிருந்து ஓர் ஒப்பீடு இங்கே உதவும். திருவிதாங்கூரின் தென்பகுதியில் 1806 முதல் பணியாற்றியது லண்டன் மிஷன் சங்கம். குற்றாலத்துக்கு அருகிலுள்ள செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாகவே இருந்தது என்பதை நினைத்தால், அச்சங்கத்தின் எல்லை எவ்வளவு பக்கம் என்பது விளங்கும். அதே சங்கத்தின் ஜான் வில்லியம்ஸ் 1830-இல் பசிபிக் கடலிலுள்ள சமோவாவில் இறங்கினார். அவர் சில நாளில் கப்பலேறிவிட்டார். அங்கே விட்டுச்சென்றது தாகித்தி முதலிய தீவுகளைச் சேர்ந்த எட்டு ஆசிரியர்களை. 1844-இல் மாலுவாவில் போதகர் பயிற்சிக் கல்லூரி எழுந்தது. அங்கே பயின்ற சமோவா போதகர்கள் ஊருக்கு ஊர் பள்ளி நடத்தி, பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தும் வேதமும் கற்பித்தார்கள். அக்டோபர் இரண்டாம் ஞாயிறன்று சமோவாப் பிள்ளைகள் வெள்ளுடை உடுத்தி ஆலயத்தில் வசனம் ஒப்பிக்கிறார்கள். அந்த நாளில் விருந்தின் முதல் பந்தி அவர்களுக்கே. மாலுவா போதகர் அங்கே செய்ததைத்தான் சுரண்டை உபதேசியார் இங்கே செய்தார்.

ஓய்வுநாள் பள்ளியும் திரும்பிய ஓட்டமும்

1780-இல் இங்கிலாந்தின் குளொஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் பரப்பிய ஞாயிறு பள்ளி என்ற ஓய்வுநாள் பள்ளி, தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தரப் பிறந்தது. இந்தியாவில் அதற்கான சங்கம் 1876-இல் அலகாபாத்தில் அமைந்தது. நெல்லையில் வாரநாள் பள்ளிகள் முன்பே இருந்ததால், ஓய்வுநாள் பள்ளிக்கு எழுத்தறிவுச் சுமை குறைவு. வேதபாடமும் பாட்டும் காணிக்கையுமே அதன் வேலையாயின.

அந்தச் சூழலில் வளர்ந்த தலைமுறை 1903 பிப்ரவரி 12 அன்று இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியது. 1874-இல் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா அதன் முன்னணியில் நின்றார். முந்தைய ஆண்டு யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ் மாணவர்கள் வெளியூருக்கு ஊழியர் அனுப்பும் சங்கம் வைத்திருந்ததைக் கண்டு அவர் தூண்டப்பட்டார். இந்தியப் பணம், இந்திய ஆள், இந்திய நிர்வாகம் என்பது சங்கத்தின் கொள்கை. நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல்லுக்குச் சென்ற நெல்லைத் தமிழர் தெலுங்கைக் கற்று அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். 1912-இல் அசரியா ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். முந்நூற்றைம்பது ஆண்டுகள் வெளியாரின் மாணவராக இருந்த ஊர்கள் வெளியூர்களுக்கு ஆசிரியரை அனுப்பத் தொடங்கின. இவ்வரலாற்றின் திருப்பமாக நான் கருதுவது இதையே.

1950-களில் வி.பி.எஸ். தமிழ்நாட்டில் வேரூன்றியபோது இந்தத் திருப்பம் இன்னொரு முறை நிகழ்ந்தது. கோடையில் பாடம் எடுக்க ஊர் ஊராகப் போன இளைஞர்கள் கூடிச் செபிக்கத் தொடங்கியதிலிருந்து நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு பிறந்தது. அதன் ஊழியர்கள் பின்னாளில் குஜராத்தின் டாங் காட்டுப் பகுதிக்கும், ராஜ்மகால் குன்றுகளின் மால்தோ மக்களிடமும் சென்றார்கள். பத்துநாள் வகுப்புக்குப் போனவர்கள் பலர் ஆயுள் முழுவதையும் அதற்கே கொடுத்தார்கள். விடுமுறைப் பயணம் மேலோட்டமானது என்று குறைகூறுவோருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை. அதே சமயம், பேரணி முடிந்த ஞாயிறு முதல் அந்தப் பிள்ளைகளை ஏற்று நடத்த ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் இல்லாத ஊர்களில் வகுப்பின் விளைவு தங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவு நீண்ட மரபில் நமக்குப் பெயரோடு கிடைப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரும் பேராயர்களும்தான். உபதேசியார்கள், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகள், பாட்டுக் கட்டியவர்கள் இருப்பது சேகரங்களின் பழைய வருகைப் பதிவேடுகளிலும், ஆண்டுதோறும் அச்சான வி.பி.எஸ். பாடநூல்களிலும், எண்பதைக் கடந்த ஆசிரியர்களின் நினைவிலும்தான். சுரண்டை, நல்லூர், பாவூர்சத்திரம், தென்காசிப் பக்கத்துச் சேகரங்களின் குருவானவர்கள் அந்தப் பதிவேடுகளைப் பழைய காகிதக் கடைக்குப் போகவிடாமல் ஓரிடத்தில் சேர்த்துவைக்க வேண்டும். நெல்லையின் வரலாற்றுத்துறை மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு அந்த முதியவர்களின் வீடுகளுக்கு இந்த ஆண்டே போக வேண்டும்.