இடக்கை விரல்கள் கற்ற கல்வி

விழுப்புரம் சந்திப்பிலும் திண்டிவனம் நிலையத்திலும் புகைவண்டிக்குக் காத்து நிற்கும் இளைஞர்களுள், உறையிலிட்ட கிதாரைத் தோளில் சுமந்து நிற்போரையும் இக்காலத்தில் காண்கிறோம். அவர்களுள் நம் இல்லத்துப் பிள்ளைகளும் உளர். அப்பிள்ளைகளின் பெற்றோர் நம்மிடம் கூறும் குறைகள் இரண்டு. “இது மேனாட்டுக் கருவி, இதற்கும் நமக்கும் என்ன உறவு?” என்பது ஒன்று. “மாதக்கணக்கில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒரே ஒலியைத் தட்டிக்கொண்டிருக்கிறான், பாட்டு ஒன்றும் வரக் காணோமே!” என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் வரலாற்றில் விடை உண்டு. இசைக்கருவிகளைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பில் உலமாக்களிடையே கருத்து வேற்றுமை நிலவுவதை வாசகர் அறிவர். அதனை ஆராய்வது ஈண்டு நம் நோக்கமன்று. ஓர் அறிவுத்துறை வளர்ந்த வகையைக் கூறுவதே நம் நோக்கம்.

முதற்கண் கையின் இயல்பை அறிதல் வேண்டும். வாசக அன்பர்கள் உள்ளங்கையை மேசைமீது பரப்பி, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொள்க. பின்னர் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக உயர்த்திப் பார்க்க. நம் இல்லங்களில் கலிமா விரல் என வழங்கும் ஆள்காட்டி விரல் எளிதில் எழும். சுண்டு விரலும் எழும். மோதிர விரலோ அசைய மறுக்கும். விரல்களை உயர்த்தும் தசைநாண்கள் புறங்கையில் குறுக்கு இணைப்புகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். கலிமா விரலுக்கும் சுண்டு விரலுக்கும் உயர்த்துவதற்கெனத் தனித்தனியே கூடுதல் தசை உண்டு. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் அது இல்லை. ஆகவே பொருளைப் பற்றுதற்கு ஒன்றுபட்டு உழைக்கும் இந்நான்கு விரல்களையும், நரம்பின்மீது தனித்தனியே ஆளப் பழகுதல் கடினமான கல்வியே ஆகும்.

இக்கல்வியின் வரலாற்றில் அரபு நாட்டார்க்குத் தனிச்சிறப்பு உண்டு. அவர்களின் தலையாய இசைக்கருவி ஊத் என்பது. அச்சொல்லுக்கு மரம், கட்டை என்பது பொருள். நறுமணம் கமழும் அகிற்கட்டைக்கும் அதுவே பெயர். பழைய ஊதில் பம்மு, மஸ்லஸ், மஸ்னா, ஸீர் என நான்கு நரம்புகள் இருந்தன. அரபு இசைநூலார் அக்கருவியில் எழும் சுரங்களை இடக்கை விரல்களின் பெயராலேயே வழங்கினர். விரல் படாத நரம்பின் ஒலி முத்லக். கலிமா விரலின் ஒலி ஸப்பாபா. நடுவிரலின் ஒலி வுஸ்தா. மோதிர விரலின் ஒலி பின்ஸிர். சுண்டு விரலின் ஒலி கின்ஸிர். கட்டை விரலாகிய இப்ஹாம், தண்டியின் பின்னே தாங்கி நிற்பதால் இக்கணக்கில் சேரவில்லை. இன்னொலி இன்ன விரலின் உரிமை என்று வரையறுத்த பின்னர், எந்த விரலும் தன் கடமையை அண்டை விரலிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்திருக்க இயலாது போயிற்று.

இவ்வரையறை அளவையோடு கூடியது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்து கி.பி. 950-இல் மறைந்த அபூ நஸ்ர் அல்-ஃபாராபீ, ‘கிதாபுல் மூஸீகல் கபீர்’ என்னும் பெருநூலில் இதனை விரித்துரைக்கிறார். நரம்பின் நீளத்தில் ஒன்பதில் ஒரு பங்கு கலிமா விரலின் இடம். எஞ்சியதில் ஒன்பதில் ஒரு பங்கு மோதிர விரலின் இடம். முழு நீளத்தில் நான்கில் ஒரு பங்கு சுண்டு விரலின் இடம். நரம்பு 60 செ.மீ. எனக் கொண்டால், இவை முறையே ஏறத்தாழ 6.7, 12.6, 15 செ.மீ. தொலைவில் அமையும். சுண்டு விரலின் ஒலியும் அடுத்த நரம்பின் வெற்றொலியும் ஒன்றாக நிற்குமாறு சுருதி சேர்த்தனர்.

நடுவிரலின் இடம் யாது என்பதிலேதான் வேறுபாடு எழுந்தது. பழைய முறைப்படி அது 9.4 செ.மீ. அளவில் நிற்கும். ஹாரூன் அர்-ரஷீத் காலத்து ஊத் கலைஞர் மன்ஸூர் ஸல்ஸல் அதனைச் சற்றே நகர்த்தி, 11.1 செ.மீ. அளவில் வைத்தார். பழைய நடுவிரல் ஒலிக்கும் மோதிர விரல் ஒலிக்கும் இடைப்பட்ட அவ்வின்னொலி ‘வுஸ்தா ஸல்ஸல்’ என அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. மன்னர் பெயர் ஊருக்கு நிலைத்தல் உலக இயல்பு. ஒரு கலைஞனின் பெயர் ஒரு விரலிடத்துக்கு நிலைத்தது அரிதன்றோ! அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானீ தொகுத்த ‘கிதாபுல் அகானீ’யிலும், ஒரு பாடல் ‘நடுவிரல் வழியது’ என்றோ ‘மோதிர விரல் வழியது’ என்றோ குறிக்கப்பெறுகிறது. பண்ணின் இயல்பைச் சொல்வதற்கு விரலின் பெயரே போதுமானதாயிற்று.

பயிற்சிப் பாடம் எழுதிய பெருமையும் அவர்களுக்கு உண்டு. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் விளங்கிய தத்துவ மேதை அல்-கிந்தீ, இசை பற்றிய தம் சிறு நூல் ஒன்றில், மாணவன் ஊதில் பழகுவதற்கான பாடத்தைக் குறியீடுகளால் எழுதிவைத்தார். அரபு இசையில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இசைக்குறிப்பு இதுவே என்பர் ஆய்வாளர். அது அரசவையில் பாடிய புகழ்ப்பாட்டு அன்று. மாணவனின் கை பழகுவதற்கான பாடம் என்பது சிந்திக்கத்தக்கது.

நம் தமிழகமும் இதற்குப் பின்தங்கியதன்று. சிலப்பதிகாரத்தின் வேனிற்காதை, மாதவி யாழேந்தி அமர்ந்த நிலையைக் கூறுங்கால், வலக்கை இன்னவாறு நின்றது என்றும், இடக்கையின் நான்கு விரல்களும் யாழின் மாடகத்தைத் தழுவி நின்றன என்றும் பிரித்துக் காட்டுகிறது. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், ஏழு பண்களுக்குரிய சுரங்கள் நான்கு நான்காகப் பகுக்கப்பெற்றுப் பாறையில் வெட்டப்பட்டுள்ளன. மாணாக்கரின் நன்மைக்காக ஓர் அரசன் செய்தது அது என அக்கல்வெட்டே உரைக்கிறது. அவ்வரசன் முதலாம் மகேந்திரவர்மனே என அறிஞர் பலர் கருதினர், உடன்படாதாரும் உளர். அம்மகேந்திரன் செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றிக் குடைவித்த கோயில், விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் மண்டகப்பட்டில் இன்றும் நிற்கிறது. ஆக, பாறையிலாயினும் ஏட்டிலாயினும், கற்போனை மனத்திற்கொண்டு இசைப்பாடம் எழுதும் மரபு இரு நிலத்தார்க்கும் பொதுவாகும்.

கி.பி. 822-இல் ஸிர்யாப் என்னும் இசைவாணர் ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவை அடைந்தார். ஊதுக்கு ஐந்தாம் நரம்பைச் சேர்த்தவர் அவரே என்பர் அந்தலூஸிய வரலாற்றாசிரியர். அல்-ஊத் என்னும் சொல்லே மேனாட்டு மொழிகளில் லூட் என உருமாறியது. கிதார் ஊதின் நேர்வாரிசு அன்று. ஊதின் முதுகு பேரிக்காய் போல் பருத்தது. கிதாரின் முதுகு தட்டையானது. எனினும் நரம்புக்கருவிக் கலை செழித்த அந்த ஸ்பானிய மண்ணிலேதான் கிதாரும் வளர்ந்தது. 1536-இல் வலென்சியாவில் லூயிஸ் தே மிலான், கிதாரின் உறவுக்கருவியாகிய விஹுவேலாவுக்கு அச்சிட்ட பாடநூலில், எந்த நரம்பில் எத்தனையாம் மெட்டில் விரலை வைப்பது என்பதையே குறியீடாக்கினார். 1830-இல் ஃபெர்னாந்தோ ஸோர் பாரிஸில் தம் கிதார் பயிற்சி நூலை வெளியிட்டார். அந்தோனியோ தே தோர்ரெஸ் 65 செ.மீ. நரம்புடைய இன்றைய கிதாரின் வடிவை நிலைநிறுத்தினார். ஆந்த்ரேஸ் செகோவியா (1893–1987) அதனைப் பேரரங்குகளில் ஏற்றினார்.

இன்று கிதார் பாடநூலைத் திறந்தால், சுரத்தின் அருகே 0, 1, 2, 3, 4 என்னும் எண்கள் காணப்படும். 0 என்பது விரல் படாத நரம்பு. மற்றவை கலிமா விரல் முதல் சுண்டு விரல் ஈறாக நான்கு. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என நாம் வாதிடவில்லை. எனினும் முத்லக், ஸப்பாபா, வுஸ்தா, பின்ஸிர், கின்ஸிர் என்னும் அதே வரிசையன்றோ இது!

இனிப் பெற்றோரின் இரண்டாம் குறைக்கு வருவோம். பிள்ளை ஓயாது தட்டும் அந்த ‘ஒன்று இரண்டு மூன்று நான்கு’ என்பது, அடுத்தடுத்த நான்கு மெட்டுகளில் மெட்டுக்கு ஒரு விரலாக வைத்துப் பழகுவது. நான்கு விரல்களை 24 வகையாக வரிசை மாற்றலாம். அவற்றுள் மோதிர விரலும் சுண்டு விரலும் அடுத்தடுத்து வருபவை மிகக் கடினம். முதல் மெட்டின் அகலம் ஏறத்தாழ 36 மி.மீ.; ஏழாம் மெட்டுக்கும் எட்டாம் மெட்டுக்கும் இடையே 24 மி.மீ. ஆகவே சிறு கையுடையோர் மேல்மெட்டுகளில் தொடங்கிப் படிப்படியாகக் கீழிறங்குதல் நன்று. வைத்த விரலைத் தேவையின்றி எடுத்தலாகாது. எடுக்கும் விரல் நரம்பைவிட்டு வெகுதூரம் விலகலாகாது. கட்டை விரல் தண்டியை இறுகப் பிடித்தலாகாது. விரைவு பின்னர் வரும். முதலில் வேண்டுவது நிதானம்.

வலி தோன்றின் நிறுத்திவிட வேண்டும். தசைநாண்களின் பிணைப்பை எப்பயிற்சியும் அறுக்க வல்லதன்று. அப்பிணைப்புக்குள் அடங்கிச் சிறிதளவே அசையக் கற்பதுதான் பயிற்சி. விரல்களை வலிந்து வருத்தியதால் கை கெட்டு, பியானோக் கலைஞனாகும் கனவை இழந்தவர் என ஜெர்மானிய இசைமேதை ராபர்ட் ஷூமனைச் சொல்வர்.

அளவையும் பொறுமையும் கலந்த இம்மரபில் நம் வட்டாரத்தோடு தொடர்புடைய பெரியார் ஒருவரும் உளர். கிரானா வழியின் பெரும்பாடகர் உஸ்தாத் அப்துல் கரீம் கான் வீணையும் வாசிக்க வல்லவர். இசையின் சுருதிகளை அளந்து நிறுவ முயன்ற தேவால் என்பாருக்குத் துணைநின்றவர். 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுவை நோக்கிப் புகைவண்டியில் புறப்பட்டார். திண்டிவனமும் விழுப்புரமும் அவ்வழியில் உள்ளன. ஆனால் அவர் இவ்வூர்களை எட்டவில்லை. வழியில் உடல்நலம் குன்றிச் சிங்கப்பெருமாள்கோயில் நிலையத்தில் இறங்கி, அங்கேயே உயிர்நீத்தார்.

மதரஸாவில் ஓதும் சிறுவனுக்கு உஸ்தாது முதலில் கற்பிப்பது யாது? ஒவ்வோர் எழுத்தையும் அதன் மக்ரஜிலிருந்து பிறப்பிப்பதே. தொண்டையின் அடியில் பிறக்கும் எழுத்து வேறு; நாநுனியில் பிறக்கும் எழுத்து வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழைந்தால் பொருளே மாறும். அலிஃப், பே என்று மாதக்கணக்கில் ஓதும் பிள்ளையைப் பார்த்து, “இன்னும் ஒரு சூரா வரவில்லையே” என நாம் சலித்துக்கொள்வதில்லை. நாவுக்கு நாம் அளிக்கும் அப்பொறுமையை விரலுக்கும் அளிப்போம். நாவின் பாடமும் விரலின் பாடமும் மதிப்பால் வேறு. கற்கும் முறையால் ஒன்றே.