உரோமப் படைவீரர் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டுதல்

உரோமப் படைவீரர் சிற்றுருவம் என்பது பண்டைய உரோமப் படையாளின் உடை, கவசம், ஆயுதங்களைச் சிறிய அளவில் காட்டும் வார்ப்பு உருவம். பெரும்பாலும் வண்ணம் பூசாமலே விற்கப்படும் இவ்வுருவங்களை வரலாற்றுச் சான்றுகளுக்கு இசையத் தீட்டுவது மேலை நாடுகளில் பரவலான பொழுதுபோக்குக் கலை. மேசைப் போர் விளையாட்டுக்கும் காட்சிக்கும் இவை பயன்படுகின்றன.

அளவும் பொருளும்

போர் விளையாட்டில் 28 மி.மீ. உருவங்களும், 1/72 அளவிலான பிளாஸ்டிக் உருவங்களும் மிகுதி. காட்சிக்கு 54, 75, 90 மி.மீ. உருவங்கள் விரும்பப்படுகின்றன. இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 முதல் உள்ளீடற்ற ஈய வார்ப்பில் செய்த பொம்மை வீரர்களால் 54 மி.மீ. பரவலான அளவாயிற்று. இன்று வெள்ளீயக் கலவை, ரெசின், பிளாஸ்டிக் ஆகியவற்றில் உருவங்கள் வார்க்கப்படுகின்றன.

வண்ணத்துக்கான சான்றுகள்

உலோகக் கருவிகளின் வடிவமும் நிறமும் ஓரளவு தெளிவானவை. துணியின் நிறத்தில்தான் சிக்கல். இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள கார்பிரிட்ஜில் 1964-இல் மரப்பெட்டியோடு கிடைத்த கவசத் துண்டுகள், பட்டைக் கவசம் இரும்புப் பட்டைகளால் ஆனது என்பதையும், அதன் கீல்களும் கொக்கிகளும் செப்புக் கலவை என்பதையும் காட்டின. ஆகவே பட்டைகளுக்கு இரும்பு நிறமும், கீல்களுக்குப் பித்தளை நிறமும் பூசுவது வழக்கம்.

உரோம் நகரில் கி.பி. 113-இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூண் வீரர்களின் தோற்றத்துக்கு முதன்மைச் சான்று; ஆனால் அதில் இன்று எஞ்சியிருப்பது வெறும் பளிங்கு. சிவப்பு அங்கியே சீருடை என்ற எண்ணம் திரைப்படங்களால் வலுப்பெற்றது. இன்றைய துருக்கியில் உள்ள கப்படோசியாவில் இருந்த படைக்கு வெண்ணிற அங்கிகள் நெய்யச் சொன்ன கி.பி. 138-ஆம் ஆண்டு ஆணை ஒன்று எகிப்தியப் பாப்பிரஸ் ஏட்டில் உள்ளது. மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கும் வழக்கமும் இருந்தது. எனவே சாயமிடாத கம்பளியின் பழுப்பு கலந்த வெள்ளை, மங்கிய செங்கல் சிவப்பு ஆகிய இரண்டும் ஏற்கத்தக்கவை. ஒரே அணியிலும் ஆளுக்கு ஆள் சாயலைச் சற்று மாற்றினால் இயல்பாக இருக்கும்.

கேடயம் தனிக் கவனம் பெறுவது. சிரியாவின் துரா யூரோபோசில் கிடைத்து, இப்போது யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் உள்ள 3-ஆம் நூற்றாண்டுக் கேடயத்தில் சிவப்புப் பின்னணியில் கழுகும் சிங்கமும் தீட்டப்பட்டுள்ளன. கி.பி. 69-இல் கிரெமோனா போரில் இரு வீரர்கள் எதிரிகளின் கேடயங்களை ஏந்தி அடையாளம் தெரியாமல் உட்புகுந்ததை உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியுள்ளார். கேடயச் சின்னம் அணியை அடையாளம் காட்டியது என்பதற்கு இது சான்று. டிராஜன் தூணில் காணப்படும் சிறகும் மின்னலும் சேர்ந்த வடிவம் தீட்டுவோரிடையே பெருவழக்கு.

பதவி வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். சாதாரண வீரர் வாளை வலப்புறமும், நூற்றுவர் தலைவர் இடப்புறமும் அணிந்தனர். தலைவரின் தலைக்கவசத்தில் கொண்டை காதிலிருந்து காதுக்குக் குறுக்காக நிற்கும். கொடி ஏந்துவோர் விலங்குத் தோல் போர்த்தியிருப்பர்.

தீட்டும் முறை

முதலில் வார்ப்புக் கோடுகளையும் பிசிறுகளையும் கத்தியாலும் மெல்லிய அரத்தாலும் நீக்கி, சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். எண்ணெய்ப் பசை எஞ்சினால் வண்ணம் உரிந்துவிடும். அடுத்து அடிப்பூச்சான பிரைமர் பூச வேண்டும். கவசம் மிகுந்த உருவத்துக்குக் கறுப்புப் பிரைமர் ஏற்றது. வெண்ணிற அங்கிக்கு வெள்ளை அல்லது சாம்பல் நல்லது. கேடயத்தைத் தனியே தீட்டிப் பிறகு ஒட்டினால் மார்புப் பகுதியில் தூரிகை தடையின்றிச் செல்லும்.

கறுப்பின் மேல் இரும்பு நிறத்தை உலர் தூரிகையால் தேய்த்தால் பட்டைகளின் இடுக்குகள் இருண்டே நிற்கும். பின்னர் நீர்த்த கரும்பழுப்பு வண்ணத்தை ஓடவிட்டு, விளிம்புகளில் மட்டும் வெள்ளி நிறக் கோடு இட வேண்டும். துணிக்கு அடிநிறம், மடிப்பில் கருஞ்சாயல், மேடுகளில் வெளிர்சாயல் என மூன்று படிநிலைகள் போதும். சிறிய உருவத்தில் தூய கறுப்பும் தூய வெள்ளையும் கண்ணை உறுத்தும்; அவற்றுக்குப் பதில் கரும்சாம்பலும் பால்நிறமும் பயன்படும். முகத்தில் கண்ணை முதலில் தீட்டி, சுற்றியுள்ள தோல் நிறத்தால் பிசகைத் திருத்துவது எளிது.

பாதுகாப்பு

ரெசினைத் தேய்க்கும்போது முகக்கவசம் அணிய வேண்டும். ஸ்பிரே வண்ணத்தைக் காற்றோட்டமான இடத்திலேயே அடிக்க வேண்டும். ஈயக் கலவை உருவங்களைத் தொட்டபின் கை கழுவுவது கட்டாயம். விளையாட்டு உருவங்களுக்குப் பளபளப்பு வார்னிஷ் உறுதி தரும். அதன்மேல் மேட் வார்னிஷ் பூசினால் மினுக்கம் மறையும். ஈய உருவங்களை ஓக் மர அலமாரியில் வைக்கக் கூடாது. அம்மரத்திலிருந்து வெளிப்படும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கிவிடும்.