துப்பாக்கி வெடிக்காத த்ரில்லர்!

ஷார்ட் ஃபிலிம் எடுக்க ஆசை; ஆனா பட்ஜெட் இல்லை, பெரிய நடிகர் இல்லைனு தள்ளிப்போடுறீங்களா? அப்போ 1956-ல் மாஸ்கோ திரைப்படக் கல்லூரி மாணவர்கள் எடுத்த 'தி கில்லர்ஸ்' படத்தைப் பாருங்க. வெறும் 19 நிமிஷம்தான்.

ஹெமிங்வேயின் 1927-ம் ஆண்டு சிறுகதையை ஆந்த்ரே தார்க்கோவ்ஸ்கி, அலெக்ஸாண்டர் கோர்டன், மரிகா பெய்கு மூவரும் சேர்ந்து படமாக்கினார்கள். சின்ன ஹோட்டலுக்குள் இரண்டு கொலையாளிகள் நுழைகிறார்கள். வழக்கமாக அங்கு சாப்பிட வரும் ஸ்வீடன்காரருக்காகக் காத்திருக்கிறார்கள். அவர் வரவில்லை. நிக் என்ற இளைஞன் ஓடிப்போய் எச்சரிக்கிறான். அவரோ கட்டிலைவிட்டு எழக்கூட இல்லை. தப்பிக்கும் எண்ணத்தையே கைவிட்டுவிட்டார். ஒரு குண்டுகூட வெடிக்காது. ஆனா, அந்த மனிதர் படுத்திருக்கும் கோலம் நம்மைத் தூங்கவிடாது.

செட் என்று பார்த்தால் ஒரு ஹோட்டல், ஓர் அறை, அவ்வளவுதான். ஸ்வீடன்காரராக நடித்தவர் சக மாணவர் வாசிலி சுக்‌ஷின்; பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளர், இயக்குநர். விசிலடித்தபடி வரும் வாடிக்கையாளர், தார்க்கோவ்ஸ்கியேதான்! லெம்மின் நாவலை வைத்து, லிதுவேனிய நடிகர் டொனாடாஸ் பனியோனிஸை நாயகனாக்கி 1972-ல் 'சோலாரிஸ்' தந்தவரும் இவரே.

உங்களுக்குப் பிடித்த சிறுகதை எது? அதில் எத்தனை அறைகள் வருதுனு முதல்ல எண்ணிப் பாருங்க. இரண்டே போதும்!