கண்டனோஸ்: மீண்டும் கட்டக்கூடாது என்று சொல்லப்பட்ட ஊர்

கிரேக்க நாட்டின் தீவுகளில் மிகப் பெரியது கிரீட். கடற்கரை, வெயில், ஆலிவ் எண்ணெய்... சுற்றுலாப் பயணிகள் அறிந்த கிரீட் இவ்வளவுதான். தீவின் தென்மேற்கில் பாலியோகோரா கடற்கரைக்குப் போகும் மலைச்சாலையில் கண்டனோஸ் என்று ஒரு கிராமம் இருக்கிறது. பெரும்பாலானோர் அதை வண்டியிலேயே கடந்துவிடுவார்கள்.

இறங்கி நடப்பவர்களுக்கு ஒன்று புலப்படும். சுற்று வட்டாரத்தில் ஆலிவ் மரங்களுக்கு நடுவே பல நூறு ஆண்டு பழமையான சின்னச் சின்ன தேவாலயங்கள், சுவர் ஓவியங்களோடு நிற்கின்றன. ஆனால் ஊருக்குள் வந்தால் வீடுகள் அவ்வளவு பழையவை அல்ல. அந்தப் பழைய ஊர் எங்கே போயிற்று?

பதில் 1941-ல் இருக்கிறது. அந்த ஆண்டு மே 20 அன்று ஜெர்மானியப் படை பாராசூட் மூலம் கிரீட்டில் இறங்கியது. நேச நாட்டுப் படைகளோடு சேர்ந்து உள்ளூர் மக்களும் எதிர்த்து நின்றார்கள். சீருடை கிடையாது. கையில் கிடைத்த பழைய துப்பாக்கிகள்தான் ஆயுதம். மாலெமே விமான தளத்தைப் பிடித்த ஜெர்மானியர்கள் அடுத்து தெற்குக் கடற்கரை நோக்கி ஒரு பிரிவை அனுப்பினார்கள். மே 23 முதல் 25 வரை கண்டனோஸ் பகுதி மக்கள் அதை வழிமறித்துச் சண்டையிட்டார்கள்.

ஜூன் தொடக்கத்தில் தீவு முழுவதும் ஜெர்மனி வசமானது. அதற்கு முன்பே, மே 31 அன்று, பாராசூட் படைத் தளபதி குர்ட் ஷ்டூடென்ட் பழிவாங்கல் உத்தரவைப் போட்டுவிட்டார். சுட்டுக்கொல்லுதல், ஊர்களைக் கொளுத்துதல் எல்லாம் அதில் இருந்தன. நீதிமன்றம், விசாரணை எதுவும் தேவையில்லை!

ஜூன் 3 அன்று படை கண்டனோஸுக்கு வந்தது. சுமார் 180 பேர் கொல்லப்பட்டார்கள். வீடுகள் கொளுத்தப்பட்டு இடித்துத் தள்ளப்பட்டன. ஆடு மாடுகளைக்கூட விடவில்லை. தப்பியவர்கள் திரும்பி வரவும் தடை. ஊரின் நுழைவாயில்களில் ஜெர்மன், கிரேக்க மொழிகளில் பலகைகள் வைத்தார்கள். 25 ஜெர்மன் வீரர்களைக் கொலை செய்ததற்குப் பதிலடியாக அழிக்கப்பட்ட கண்டனோஸ் இங்கே இருந்தது, இனி ஒருபோதும் மீண்டும் கட்டப்படாது என்பது அதில் ஒன்றின் சாரம்.

பலகை எழுதியவர்களின் கணக்கைக் கவனிக்க வேண்டும். சண்டையில் இறந்த வீரர்கள் 'கொலை' செய்யப்பட்டவர்கள். கொல்லப்பட்ட கிராமத்தாருக்கோ அதில் ஓர் எண்ணிக்கைகூட இல்லை.

போர் முடிந்தபின் 1947-ல் ஷ்டூடென்ட் மீது பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. ஆனால் அது போர்க்கைதிகளை நடத்திய விதம் பற்றிய வழக்கு. 5 ஆண்டு தண்டனை கிடைத்தும் 1948-லேயே வெளியே வந்துவிட்டார். கண்டனோஸுக்காக அவர் எந்த நீதிமன்றத்திலும் பதில் சொல்லவில்லை.

ஆனால் சாட்சி அழியவில்லை. தடையை மீறி மீண்டும் எழுந்த ஊர், தன்னை அழித்தவர்களின் வாசகத்தையே போர் நினைவிடத்தில் வைத்துக்கொண்டது. மிரட்டுவதற்காக எழுதியது இன்று வாக்குமூலமாக நிற்கிறது. யார் செய்தது, ஏன் செய்தார்கள் என்பதை அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்களே!

1960-களில் ஜெர்மனியிலிருந்து சில இளைஞர்கள் இங்கே வந்தார்கள். நாஜிக் குற்றங்களுக்குப் பரிகாரமாக உழைப்பைத் தரும் ஓர் அமைப்பைச் சேர்ந்தவர்கள். ஊருக்குக் குடிநீர் வசதி அமைத்துக் கொடுத்தார்கள். 180 உயிர்களுக்கு அது ஈடாகாது. ஆனாலும் அதே நாட்டிலிருந்து வந்த அடுத்த தலைமுறை, இந்த ஊர் வாழ வேண்டும் என்று மண்வெட்டி பிடித்தது.

நினைவிடத்தின் முன் நிற்பவர் அந்த வாசகத்தைக் கடைசிவரை படித்துவிட்டுத் தலையைத் தூக்கினால் போதும். இனி கட்டப்படாது என்று எழுதிய ஊர் சுற்றிலும் இருக்கிறது.