வாடகை பாக்கிக்கு ஏலம் போன வாழ்க்கை

இன்றைய பதிவு சற்று நீளமானது. ஓய்வாக இருக்கும்போது வாசியுங்கள்.

ஏலம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நகைக்கடன் ஏலம்தான். மீட்கப்படாத நகைகளின் கடன் எண்களை வரிசையாகப் போட்டு நாளிதழில் விளம்பரம் வரும். அங்கே நகையின் எடை தெரியும், தரம் தெரியும். கடன் கொடுத்தவர் உரசிப் பார்த்துத்தான் வாங்கி வைத்திருப்பார். அமெரிக்காவில் வேறு ஒரு வகை ஏலம் நடக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பது அதில் விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் பொருளின் சொந்தக்காரர். அவர் பெரும்பாலும் அந்த இடத்தில் இருக்க மாட்டார்.

வாடகை கட்டாமல் விடப்பட்ட சேமிப்பு அறைகளை ஏலம் விடுவதைத்தான் சொல்கிறேன். இதற்கு ஒரு வரலாறு உண்டு.

பொருள்களைப் பாதுகாக்கும் கிடங்குகள் மிகப் பழையவை. பழைய முறையில் கிடங்குக்காரர் உங்கள் பொருளைக் கையில் வாங்கிக்கொள்வார், ரசீது கொடுப்பார், அதற்குப் பொறுப்பும் ஏற்பார். கூலி தராவிட்டால் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளவும், பிறகு விற்கவும் அவருக்கு உரிமை உண்டு. சட்டத்தில் இதைப் பற்றுரிமை என்பார்கள்.

1960களில் டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் ஒரு புதுத் தொழில் பரவத் தொடங்கியது. நெடுஞ்சாலை ஓரம் மலிவான நிலத்தில் ரயில் பெட்டி போல நீளமாகக் கட்டடம் கட்டி, வரிசையாக அறைகள் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷட்டர் போட்டார்கள். மாத வாடகை கொடுத்தால் அறை உங்களுடையது. பூட்டு உங்களுடையது, சாவியும் உங்களிடம்தான் இருக்கும். இடம் கொடுத்தவர் உள்ளே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இதற்கு 'செல்ஃப் ஸ்டோரேஜ்' என்று பெயர். 1972இல் கலிபோர்னியாவில் எல் கஹோன் என்ற ஊரில் தன் முதல் கட்டடத்தைத் திறந்த 'பப்ளிக் ஸ்டோரேஜ்' நிறுவனம் இன்று இத்தொழிலில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அமெரிக்கா முழுவதும் இப்படிப்பட்ட இடங்கள் இப்போது 50,000க்கும் மேல்.

இவ்வளவு பெரிய வீடுகள் உள்ள நாட்டில் இதற்கு என்ன தேவை என்று தோன்றலாம். மரணம், மணமுறிவு, ஊர் மாறுதல், சின்ன வீட்டுக்குப் போதல் என்று நான்கு காரணங்களை அத்தொழிலில் இருப்பவர்களே சொல்வார்கள். அம்மா இறந்துவிடுகிறார். அவருடைய அலமாரியை வீட்டில் வைக்க இடமில்லை, தூக்கி எறியவும் மனமில்லை. இரண்டு மாதத்துக்கு மட்டும் என்று அறை எடுப்பார்கள். இரண்டு மாதம் பத்து வருடமாகும்.

சிக்கல் எப்போது வரும்? வாடகை நின்றுபோகும்போது. பழைய கிடங்குச் சட்டம் இதற்குப் பொருந்தவில்லை, ஏனென்றால் இங்கே யாரும் பொருளைக் கையில் வாங்கி ரசீது தரவில்லை. குடியிருப்பவரை வெளியேற்றுவது போல நீதிமன்றத்துக்குப் போனால் செலவு அதிகம், காலமும் ஆகும். ஆகவே மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தனிச் சட்டம் இயற்றின. கலிபோர்னியாவின் சட்டம் 1981இல் வந்தது.

அந்தச் சட்டத்தின் படிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாடகை 14 நாள் தாண்டினால் முதல் அறிவிப்பு அனுப்பலாம். அதற்குக் குறைந்தது 14 நாள் கெடு தர வேண்டும். அதன் பிறகும் பணம் வராவிட்டால் அறையில் நுழைய விடாமல் தடுத்து, பற்றுரிமை அறிவிப்பை அனுப்பலாம். வாடகைதாரர் ஆட்சேபம் எழுதி அனுப்பினால் ஏலம் நின்றுவிடும், உரிமையாளர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆட்சேபம் வராவிட்டால் பொது அறிவிப்பு கொடுத்து ஏலம் விடலாம். பாக்கியும் செலவும் போக மிஞ்சும் பணம் வாடகைதாரருக்குச் சேர வேண்டியது. ஓராண்டுக்குள் அவர் கேட்டு வராவிட்டால் அது மாவட்டக் கருவூலத்துக்குப் போகும்.

படிக்கும்போது நியாயமான ஏற்பாடாகவே தெரிகிறது. ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும் ஓர் அறிவிப்பின் மேல் நிற்கிறது. அது வாடகைதாரர் கடைசியாகக் கொடுத்த முகவரிக்குப் போகும். அவர் வீடு மாறியிருந்தால்? மருத்துவமனையில் கிடந்தால்? போர்முனையில் இருந்தால்? கடைசிக் கேள்விக்கு மட்டும் சட்டம் விடை சொல்லியிருக்கிறது. பணியில் இருக்கும் படைவீரரின் பொருளை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் இப்படி விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடுக்கிறது. முதியவருக்கும் நோயாளிக்கும் அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை.

ஏல நாளில் நடப்பதையும் சொல்ல வேண்டும். பூட்டை வெட்டுவார்கள், ஷட்டரைத் தூக்குவார்கள். வந்தவர்கள் வாசலில் நின்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. முன்னால் தெரிவது ஒரு சோபா, ஒரு சைக்கிள், நாலைந்து அட்டைப் பெட்டிகள். அனுபவசாலிகள் வேறு சிலவற்றைக் கவனிப்பார்கள். பெட்டிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றனவா, அவற்றின் மேல் ஏதாவது எழுதியிருக்கிறதா, தூசி எவ்வளவு படிந்திருக்கிறது, முன்பே யாராவது கிளறிய அடையாளம் உண்டா என்று பார்ப்பார்கள். ஏலம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எடுத்தவர் ஓரிரு நாளில் அறையைத் துடைத்துக் காலி செய்து கொடுக்க வேண்டும். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு குப்பையை விட்டுப் போக முடியாது.

எடுத்ததை வாரச் சந்தையிலும், பழைய பொருள் கடையிலும், 1995க்குப் பிறகு 'இபே' போன்ற இணையச் சந்தையிலும் விற்பார்கள். லாரி வாடகை, ஆள் கூலி, குப்பை கொட்டும் கட்டணம் எல்லாம் போகத்தான் லாபம். குடும்பப் புகைப்படம், சான்றிதழ், கடிதம் போன்றவற்றை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது பல இடங்களில் நிபந்தனை. சொந்தக்காரர் வந்து கேட்டால் அவையாவது கிடைக்கும்.

இந்த அமைதியான தொழிலை 2010 டிசம்பரில் தொடங்கிய 'ஸ்டோரேஜ் வார்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடர் ஊருக்கெல்லாம் காட்டியது. ஏலங்களில் கூட்டம் கூடியது, விலையும் ஏறியது. 2012இல் அந்தத் தொடரில் நடித்த ஒருவரே, விலையுயர்ந்த பொருள்களைத் தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே அறைக்குள் வைத்துவிடுகிறார்கள் என்று குற்றம் சாட்டி வழக்குப் போட்டார்.

உண்மையிலேயே புதையல் கிடைத்ததும் உண்டு. 1977இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் கடலுக்குள் ஓடும் வெள்ளைக் கார் ஒன்று வரும். படம் முடிந்ததும் அதை நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். 10 ஆண்டு வாடகையை முன்பணமாகக் கட்டியிருந்தார்கள். காலம் முடிந்ததும் யாரும் வரவில்லை. 1989இல் ஒரு தம்பதி, உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாமல் சுமார் 100 டாலருக்கு எடுத்தார்கள். 2013இல் அந்தக் கார் லண்டனில் 5 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டுக்குக் குறையாமல் விலை போனது. வாங்கியவர் ஈலான் மஸ்க்.

ஆனால் அறையில் கிடைத்ததெல்லாம் எடுத்தவருக்குச் சொந்தமாகிவிடாது. நடிகர் நிக்கோலஸ் கேஜ் வீட்டிலிருந்து 2000இல் ஒரு காமிக்ஸ் புத்தகம் திருடு போனது. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய 1938ஆம் ஆண்டு இதழ் அது. 2011இல் கலிபோர்னியாவில் கைவிடப்பட்ட ஒரு சேமிப்பு அறையிலிருந்து அது வெளிவந்தது. திருட்டுப் பொருள் எத்தனை கை மாறினாலும் பறிகொடுத்தவருக்கே உரியது. கேஜிடம் திரும்பி வந்த அந்த இதழ், அதே ஆண்டு நவம்பரில் 21 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது.

இந்த இரண்டு கதைகளையும் விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது மூன்றாவது ஒன்று. அது விவியன் மேயரின் கதை.

விவியன் மேயர் 1926 பிப்ரவரி 1 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். தாய் பிரான்சுக்காரர். இளமையில் சில ஆண்டுகள் பிரான்சில், ஆல்ப்ஸ் மலையடிவார கிராமத்தில் கழிந்தன. 1951இல் நியூயார்க் திரும்பினார். 1956இல் சிகாகோ பகுதிக்கு வந்து, வசதியான வீடுகளில் தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார். நாம் ஆயா என்போமே, அந்த வேலைதான். மணம் செய்துகொள்ளவில்லை.

கழுத்தில் எப்போதும் ஒரு 'ரோலிஃப்ளெக்ஸ்' கேமரா தொங்கும். நெஞ்சுக்கு நேராக வைத்துக் குனிந்து பார்த்துப் படமெடுக்கும் வகை அது, அதனால் எதிரே நிற்பவருக்குத் தன்னைப் படமெடுப்பது சட்டென்று தெரியாது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு நகரத் தெருக்களில் நடப்பார். கிழவர்கள், அழும் குழந்தைகள், வேலையாட்கள், கடைக்கண்ணாடியில் தெரியும் தன் பிம்பம் என்று எடுத்துத் தள்ளினார். 1959, 60இல் தனியாக உலகம் சுற்றினார். மணிலா, பாங்காக், எகிப்து, இத்தாலி என்ற அந்தப் பயணத்தில் நம் இந்தியாவும் உண்டு. எடுத்த படங்களை யாருக்கும் காட்டவில்லை. பல சுருள்களைக் கழுவக்கூட இல்லை. வீடு மாறும்போதெல்லாம் பெட்டிகளும் கூடவே போயின. கடைசியில் சேமிப்பு அறைகளில் போய்ச் சேர்ந்தன.

வயதான காலத்தில் கையில் பணமில்லை. அவர் வளர்த்த மூன்று சகோதரர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு குடியிருப்பு அமர்த்திக் கொடுத்தார்கள். வளர்த்த பிள்ளைகள் மறக்கவில்லை என்பது ஆறுதல். ஆனால் அவர்களுக்குத் தெரியாமலே சேமிப்பு அறை வாடகை நின்றுபோய், 2007இல் பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. அவை பெட்டி பெட்டியாகப் பிரிந்து பலர் கைக்குப் போயின.

வாங்கியவர்களில் ஒருவர் ஜான் மலூஃப் என்ற 26 வயது இளைஞர். வீடு மனை விற்கும் தொழில் செய்தவர். தன் பகுதியின் வரலாற்றைப் பற்றிய புத்தகத்துக்குப் பழைய படங்கள் தேடிக்கொண்டிருந்தார். சுமார் 380 டாலருக்கு ஒரு பெட்டி எடுத்தார். உள்ளே ஏறக்குறைய 30,000 நெகட்டிவ்கள். அவர் தேடியது அதில் இல்லை. ஆனால் மெல்ல மெல்ல அந்தப் படங்களின் அருமை புரிந்தது. மற்றவர்கள் வாங்கியிருந்த பெட்டிகளையும் தேடிப் பிடித்தார். சேர்ந்தவை 1 லட்சத்தையும் தாண்டின.

எடுத்தவர் யார்? ஓர் உறையின் மேல் பெயர் எழுதியிருந்தது. 2009இல் அந்தப் பெயரை இணையத்தில் தேடினார். வந்தது மரண அறிவிப்பு. விவியன் மேயர் 2009 ஏப்ரல் 21 அன்று, 83 வயதில், சில நாள்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். முந்தைய குளிர்காலத்தில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு, முதியோர் மருத்துவ இல்லத்தில் இருந்தவர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டிகள் ஏலம் போனபோது அவர் உயிரோடு இருந்தார். 2008இல் அவருடைய சில படங்களை வேறொருவர் இணையத்தில் ஏற்றியபோதும் உயிரோடுதான் இருந்தார். அதுவும் அதே ஊரில்.

பிறகு நடந்தது உலகறிந்த செய்தி. 2011இல் சிகாகோவில் கண்காட்சி நடந்தது. 2013இல் வெளிவந்த ஆவணப்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. பிரதிகள் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றன. இருபதாம் நூற்றாண்டின் பெரிய தெருப் புகைப்படக் கலைஞர்களுள் ஒருவர் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள்.

அப்போது ஒரு கேள்வி எழுந்தது. இந்தப் படங்கள் யாருடையவை? நெகட்டிவை ஏலத்தில் வாங்கியவருக்கு நெகட்டிவ் சொந்தம். ஆனால் அதிலிருந்து பிரதி எடுத்து விற்கும் உரிமை, அதாவது பதிப்புரிமை, பொருளோடு சேர்ந்து வராது. அமெரிக்கச் சட்டம் இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. பதிப்புரிமை கலைஞர் இறந்து 70 ஆண்டு வரை வாரிசுகளுக்கு உரியது. மேயர் உயில் எழுதவில்லை. மலூஃப் பிரான்சில் ஓர் உறவினரைத் தேடிப் பணம் கொடுத்து உரிமை வாங்கினார். 2014இல் ஒரு வழக்கறிஞர் இன்னொரு உறவினரைக் கண்டுபிடித்து நீதிமன்றம் போனார். வாரிசு உறுதியாகாத சொத்துகளைப் பார்த்துக்கொள்ளும் மாவட்ட அதிகாரியிடம் பொறுப்பு வந்தது. 2016இல் அவருக்கும் மலூஃபுக்கும் உடன்பாடு ஏற்பட்டது.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். அவர் இறந்த பிறகு, பார்த்தறியாத தூரத்து உறவினர்களின் உரிமைக்காகச் சட்டம் நாடு கடந்து தேடியது. அவர் உயிரோடு இருந்தபோது, சில மாத வாடகை பாக்கிக்காக ஐம்பது ஆண்டு உழைப்பு விற்கப்பட்டது. அப்போது தேடியது, கடைசியாகத் தெரிந்த முகவரியை மட்டுமே.

வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலூஃப் எடுக்காமல் விட்டிருந்தால் அந்தப் பெட்டிகள் குப்பைக்குப் போயிருக்கவும் கூடும். இடம் வாடகைக்கு விட்டவரும் எத்தனை காலம்தான் பொறுப்பார்? எல்லாரும் முறைப்படியே நடந்திருக்கிறார்கள். முறை சரியாக இருந்தும் ஒரு மனுஷிக்கு இப்படி நேர முடியும் என்பதுதான் இந்த வரலாறு சொல்வது.

நம் வீடுகளில் சேமிப்பு அறை கிடையாது, பரண் உண்டு. அங்கே ஒரு டிரங்குப் பெட்டியில் தாத்தா பாட்டி படங்கள் கிடக்கும். இந்த விடுமுறையில் அதை இறக்குங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயரும் ஊரும் ஆண்டும் பென்சிலால் மெல்ல எழுதிவையுங்கள். விவியன் மேயர் என்று ஒருவர் இருந்தார் என்பது நமக்குத் தெரிய வந்ததே, ஓர் உறையின் மேல் யாரோ எழுதிவைத்த பெயரால்தான்.